சின்னம் தைக்க விட்ட இடம்

எங்கள் கம்பெனிக்குச் சீருடை ஆர்டர் எது வந்தாலும், துணி, நிறம், அளவு பேசுவதற்கு முன்னால் பையரிடம், அதாவது வாங்குபவரிடம், இரண்டு கேள்விகள் கேட்பார்கள். இதை யார் போடப் போகிறார்கள்? போட்டுக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள்? போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த நிவேதா, அங்கே இப்போது வாங்குபவர்களிடம் பேசி ஆர்டர் எடுக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் பெண், அலுத்துக்கொண்டாள்.

"ஏனுங்கக்கா, ஓட்டல் சர்வர் சட்டைக்குக் கூட இதைக் கேக்கச் சொல்றாங்க. பையருங்க சிரிக்கறாங்க. யாருங்கக்கா இதை ஆரமிச்சு வெச்சது?"

பந்தியில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. பாயசம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அவள் கேட்டது மனதைவிட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மல்லிகா. பல்லடம் ரோட்டில் உள்ள அந்த பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்து, ஓவர்லாக் மெஷின் பழகி, துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் அட்டை வெட்டக் கற்று, சாம்பிளிங் இன்சார்ஜாக ஓய்வு பெற்றேன். திருப்பூரில் பாதிப் பேரின் கதை இதுதான், விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பிளிங் என்பது, முழு ஆர்டரையும் தையல் லைனில் கொடுத்துத் தைப்பதற்கு முன் ஒன்றிரண்டு உருப்படி மட்டும் தைத்துச் சரி பார்க்கிற அறை. அந்த அறையில் எனக்கு மேலே இருந்தவர் ரசாக் சார், மெர்ச்சண்டைசிங் மேனேஜர். தாராபுரத்துக்காரர். அந்த இரண்டு கேள்விகளை ஆரம்பித்து வைத்தவர் அவர்தான்.

ரசாக் சார் சாம்பிளை மேசையில் விரித்து டேப் வைத்து அளந்ததோடு விடமாட்டார். போட்டுப் பார்ப்பார். தனக்குப் பொருந்தாததை யாரையாவது போடச் சொல்வார். போட்டுக்கொண்டு சும்மா நிற்கவும் விடமாட்டார். குழந்தைச் சட்டை என்றால், அழுகிற குழந்தைக்கு அவசரமாகக் கழற்றினால் கழுத்து காதில் மாட்டுமா என்று, தலையணையைச் சுருட்டி வைத்து இழுத்து இழுத்துப் பார்ப்பார். ஒரு தடவை வெளிநாட்டு ஓட்டலில் அறை துடைக்கும் பெண்களுக்கான சட்டை வந்தது. பெரிய அளவு சாம்பிள் ஒன்றைத் தானே மாட்டிக்கொண்டு, விளக்குமாற்றை எடுத்துச் சாம்பிளிங் அறை முழுக்கக் குனிந்து பெருக்கினார். கதவைத் திறந்த முதலாளி அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன பாய் இது?"

"குனிஞ்சா முதுகுப் பக்கம் மேல ஏறுதுங்கண்ணா. அந்தப் பொண்ணுங்க பொழுதுக்கும் ஒரு கையில இழுத்து உட்டுக்கிட்டே வேலை செய்யணும். ரெண்டு இஞ்ச் எறக்கச் சொல்லலாமுங்க."

பையர் ஒத்துக்கொண்டு நீளத்தை இறக்கினார். சாரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த விளக்குமாற்றுக் கதையைத்தான்.

தையல்காரப் பெண்களிடமும் "வாங்க, சொல்லுங்க" என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். சாரின் குரல் கேட்கவில்லை என்றால் பக்கத்தில் போகாதே என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லி வைப்போம்.

எங்களிடம் பல வருடங்களாகக் குழந்தைச் சட்டை வாங்கிக்கொண்டிருந்தவர் ஒரு வெளிநாட்டுக்காரர். மார்க்கோ என்று வைத்துக்கொள்வோம். நாட்டின் பெயரும் வேண்டாம். ஒரு நாள் அவருடைய நாட்டுக்குள் பக்கத்து நாட்டுப் படை புகுந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் அவரவர் போனில் இடிந்த கட்டிடங்களைப் பார்த்தோம். மார்க்கோவின் குடோன் இருந்த தெருவும் அதில் வந்தது. குழந்தைச் சட்டை ஆர்டர் நின்றுபோனது. கொஞ்ச நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அவருடைய நாட்டுச் சிப்பாய்களுக்கு உள்ளே போடுகிற பச்சை டி-ஷர்ட் வேண்டும், தைத்துத் தருவீர்களா?

முதலாளி உடனே சரி என்றார். பொங்கலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, நான்கு மெஷினோடு ஆரம்பித்தவர். மார்க்கோ மேல் அவருக்குப் பிரியம் உண்டு. ரசாக் சார்தான் தயங்கினார். ஆயுதம் தூக்குகிறவனுக்கு அதுவரை அவர் எதுவும் தைத்துக் கொடுத்ததில்லை. கேட்டில் செக்யூரிட்டி இன்சார்ஜாக இருந்த ஹவில்தார் அண்ணனைத் தேடிப் போனார். அண்ணனுக்கு ஊர் மடத்துக்குளம். ராணுவத்தில் எல்லைக் காவலில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். நானும் கூடப் போயிருந்தேன்.

"அண்ணா, சண்டை போடறவனுக்குத் துணி தெச்சுக் குடுக்கறது பாவமாங்க?" என்றார் சார், சுற்றி வளைக்காமல்.

ஹவில்தார் அண்ணன் சிரிக்கவில்லை. "பாய், நான் மலை மேல காவல் நின்னப்ப என்ற மேல ஒரு பனியன் இருந்துச்சுங்க. அந்தக் குளுருக்கு அது இல்லீன்னா நான் இன்னிக்கு இல்ல. அதைத் தெச்சவங்க பாவம் பண்ணுனவங்களா?"

சார் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அடுத்தவன் ஊட்டுக்குள்ள பூந்தவனுக்குத் தெக்க மாட்டேன். தன்ற ஊட்டுல நின்னு காக்கறவனுக்குத் தெக்கலாமுங்க" என்றார்.

முடிவு செய்த பிறகு அவர் அந்த டி-ஷர்ட் மேல் வைத்த அக்கறையைப் பார்க்க வேண்டுமே. சாம்பிளைப் போட்டுக்கொண்டு, நூல் கோன் நிரப்பிய மூட்டையை முதுகில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு, மாடிப்படியில் ஏறி இறங்கினார். வேர்த்து ஒழுக ஒழுக வந்து சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினார். தையல் ஓடிய இடத்தில் கயிறு அழுத்திச் சிவந்து கிடந்தது. தோள் தையலை முன்பக்கமாகத் தள்ளி வெட்டச் சொன்னார். சரக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மார்க்கோ கூப்பிட்டு, "திருப்பூர்ச் சட்டை" என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள் என்று சொன்னார். இரண்டு லைனில் அந்த வேலைதான் ஓடியது. மற்ற ஆர்டர்கள் மந்தமாக இருந்த நேரம் அது.

அதே மார்க்கோதான் அடுத்து ஒரு மேலங்கி கேட்டார். சட்டைக்கு மேல் போடுகிற, கையில்லாத வெள்ளை வலைத்துணி மேலங்கி. மார்பிலும் முதுகிலும் மருத்துவச் சேவைக்காரர்கள் அணியும் சிவப்புச் சின்னம். பெரிய ஆர்டர். உயிர் காப்பவர்களுக்குத் தைக்கப் போகிறோம் என்று சாம்பிளிங் அறையில் எங்களுக்கெல்லாம் பெருமை. அனுப்பியிருந்த வரைபடத்தில் இருந்தபடியே நான் பேட்டர்ன் வெட்டினேன். உட்பக்கம் கெட்டித் துணி வைத்த பாக்கெட்டுகள், வலது தோளில் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு ஒட்டு. பை மாட்டுவதற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரசாக் சார் வழக்கம் போல மாட்டிக்கொண்டார். ஒரு தையல்காரரைத் தரையில் படுக்கச் சொல்லி, அடிபட்டவராக வைத்துக்கொண்டு, பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்தார். குனிந்தவர் விலாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். உள்பாக்கெட்டின் கெட்டி விளிம்பு குத்தியிருக்கிறது. மறுபடியும் குனிந்து, வலது கையை நீட்டி, "கத்திரிக்கோலு" என்றார். கத்திரிக்கோல் வைக்க வெளியே ஒரு பாக்கெட்டும் இல்லை. "கட்டுத்துணி எங்க வெப்பான்?" அதற்கும் இடமில்லை. எழுந்து நின்று, வலது தோளின் ஒட்டைத் தடவியபடி யோசித்தார்.

"இதைப் போட்டுக்கிட்டு வைத்தியம் பாக்க முடியாதுங்களே மல்லிகாம்மா. அப்பப் பொறவு எதுக்கு?"

ஹவில்தார் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். அண்ணன் மேலங்கியைப் போட்டுக்கொண்டார். தோளின் ஒட்டைத் தொட்டார். கட்டிங் மேசையில் கிடந்த நீள மர ஸ்கேலை எடுத்துத் தோளில் வைத்து, துப்பாக்கி பிடிப்பது போலக் குறி பார்த்தார். ஸ்கேலின் அடிமுனை அந்த ஒட்டின் மேல் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இடது கை தானாக உள்ளே போய் முதல் பாக்கெட்டில் நின்றது.

"தோட்டா வெக்கறதுக்குங்க பாய்" என்றார். "இது வைத்தியம் பாக்கறவன் போடறதில்லீங்க. சுடறவன் போடறது."

அதன் பிறகு அதை ஒரு நிமிடம்கூட அண்ணன் தன் உடம்பில் வைத்திருக்கவில்லை. சின்னம் உள்பக்கம் போகும்படி மடித்து மேசையில் வைத்தார். எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பார் போல. "இந்தச் சின்னம் போட்டவனைச் சுடப்படாதுங்கம்மா. எதிரியா இருந்தாலும் சுடப்படாது. அதே மாதிரி, இதைப் போட்டவனும் இதுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு யாரையும் சுடப்படாது. அடிபட்டுக் கெடக்கறப்ப எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதானுங்க" என்றார்.

முதலாளி அறையில் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்தோம். சார் விஷயத்தைச் சொல்லி, இதை நாம் தைக்க வேண்டாம் என்றார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"பாய், அவுங்க ஊட்டுக்குள்ள பூந்து அடிக்கறானுங்க. திருடன் உள்ள வந்தா கையில கெடச்சதை எடுத்துத்தான் அடிப்போம். ஒலக்கைல அடி, அருவாளை எடுக்காதேன்னு பக்கத்து ஊட்டுக்காரன் வந்து சொல்லுவானா? இது மொறை, இது மொறையில்லேன்னு நாம இங்க ஏசில உக்காந்து பேசறது நெம்பச் சுலுவு."

அவர் சொன்னதுதான் எனக்கும் அப்போது நியாயமாகப் பட்டது. போனில் பார்த்த அந்தத் தெரு கண்ணிலேயே நின்றது.

ரசாக் சாரின் குரல் தணிந்துவிட்டது. நாங்கள் முன்னால் சாய்ந்து கேட்டோம். "அவுங்க சண்டை போடறது நாயமுங்கண்ணா. அதுல எனக்கு மறுப்பே இல்ல. சட்டை தெச்சுக் குடுத்தேன், இன்னமும் தெக்கறேன். ஆனா இந்த மேலங்கி எதிரியை மட்டும் ஏமாத்தறதில்லீங்க. இதை ஒருக்கா பார்த்து ஏமாந்தவன், அடுத்த தடவை இந்தச் சின்னத்தைப் பார்த்ததும் சுட்டுருவான். அப்ப நெசமாலுமே அடிபட்டவனைத் தூக்க ஓடறவன் சாவான். அவன் இவுங்க நாட்டு ஆளாத்தான் இருப்பான்."

"நாம தப்பாப் புரிஞ்சுக்கிட்டமோ என்னமோ" என்றார் முதலாளி. "அவருகிட்டயே கேளுங்க."

எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்கள். சார் ஆங்கிலத்தில் பேசினார். இங்கே தமிழில் தருகிறேன். சுற்றி வளைக்கவில்லை. இதை யார் போடப் போகிறார்கள், போட்டுக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரிந்துவிட்டது" என்றார் மார்க்கோ. "ஆமாம், சிப்பாய்களுக்குத்தான். நான் பொய் சொல்ல விரும்பவில்லை. எங்கள் ஆம்புலன்ஸ்களை அவர்கள் சுடுகிறார்கள், ரசாக். என் பக்கத்து வீட்டுப் பையன் ஆம்புலன்ஸ் ஓட்டினான். மேலே சின்னம் பெரிதாக வரைந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் சுட்டார்கள். அவர்கள் மதிக்காத ஒன்றை நாங்கள் மட்டும் ஏன் மதிக்க வேண்டும்?"

சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்கள் வலி எனக்குத் தெரியாது" என்று மெதுவாக ஆரம்பித்தார். "நீங்கள் செய்வது தப்பு என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. என் கையால் எதைத் தைப்பது என்பதை மட்டும்தான் நான் சொல்ல முடியும். அந்தப் பையனைச் சுட்டது அவர்கள் செய்த குற்றம். ஆனால் அவர்கள் பக்கத்திலும் அந்தச் சின்னத்தைப் பார்த்துத் துப்பாக்கியை இறக்குகிறவன் ஒருவன் இருப்பான். இதைத் தைத்துக் கொடுத்தால், அவனும் இறக்க மாட்டான். பச்சையில் இதே பாக்கெட் வைத்துக் கேளுங்கள், சிப்பாய்க்குத் தைத்துத் தருகிறேன். சின்னம் வைத்துக் கேளுங்கள், வைத்தியம் பார்ப்பவருக்குத் தைத்துத் தருகிறேன். இரண்டையும் ஒரே துணியில் கேட்காதீர்கள்."

"திருப்பூர் மேல் குண்டு விழவில்லை. நீங்கள் பேசலாம்" என்றார் மார்க்கோ. லைன் அறுந்தது.

சார் எழுந்தார். "அண்ணா, இதனால கம்பெனிக்கு வர்ற நட்டத்துக்கு நாந்தான் பொறுப்பு. நீங்க போகச் சொன்னீங்கன்னா..."

"உக்காருங்க பாய்" என்றார் முதலாளி. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "எனக்கு இன்னமும் நீங்க சொல்றது முழுசாப் புடிபடல. அந்தாளு கேட்டதுதான் காதுலயே நிக்குது. ஆனா இத்தனை வருசத்துல நீங்க போட்டுப் பார்த்துச் சரியில்லேன்னு சொன்ன ஒரு துணியையும் நான் கப்பல் ஏத்துனதில்ல. இதையும் ஏத்தல."

முழு மனதோடு ஒத்துக்கொண்டு துணை நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒத்துக்கொள்ளாமலே துணை நின்ற ஒரு முதலாளியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த வாரமே டி-ஷர்ட் ஆர்டரும் ரத்தானது. இரண்டு லைன் நின்றது. லைன் சூப்பர்வைசரை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம். ரசாக் சார் தானே தையல் ஹாலுக்குப் போய், நடந்ததை மறைக்காமல் எல்லோரிடமும் சொன்னார். பொங்கலூரிலிருந்து வந்துகொண்டிருந்த காளீஸ்வரி எழுந்து நின்றாள். புருஷன் படுக்கையில், இரண்டு பிள்ளைகள்.

"சார், எங்கியோ ஒரு நாட்டுல எவனோ சாவறதை இங்க இருந்து பாக்கறீங்க. சரீங்க. என்ற ஊட்டுல அடுப்பெரியறதை யாரு பாப்பா? உங்க தர்மத்துக்கு எங்க சோறுதான் கெடச்சுதுங்களா?"

சார் அவளை நேராகப் பார்த்தபடி நின்றார். "நீங்க கேக்கறது நாயமுங்க. வேலை தேடித் தர்றேனுங்க" என்றார்.

சொன்னதைச் செய்தார். தினமும் மத்தியானத்துக்கு மேல் பழைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பெனியாகப் போவார். தன் ஆர்டருக்காகக்கூட யாரிடமும் கெஞ்சாத மனிதர், வரவேற்பறைகளில் காத்துக் கிடந்தார். காளீஸ்வரிக்குக் கிடைத்த வேலை பஸ் போகாத இடத்தில் இருந்தது. அந்தக் கம்பெனி வேன் அவள் நிறுத்தம் வழியாக வருகிற மாதிரி பேசி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் திரும்பினார். சிலருக்குக் கிடைத்தது பழைய வேலை அளவுக்கு நன்றாக இல்லை. அதையும் அவர் மறைத்ததில்லை. எங்கள் லைன்கள் மறுபடி ஓட ஆரம்பித்தபோது முதலில் அவளுக்குத்தான் சொல்லி அனுப்பினார். வந்தாள். அவர் செய்தது சரி என்று இன்றுவரை அவள் சொன்னதில்லை. சார் ஓய்வு பெற்ற நாளில் ஹாலில் எல்லோருக்கும் முன்னால் அழுதவளும் அவள்தான்.

லைன் நின்ற அந்தச் சமயத்தில்தான் அந்த இரண்டு கேள்விகளைக் கம்பெனி விதியாக எழுதி ஒட்டினார்கள். எழுதி ஒட்டச் சொன்னது முதலாளி.

மார்க்கோ மறுபடி வந்தார். போனில் இல்லை, நேரில். இடையில் அந்தப் போர் இன்னும் மோசமாகியிருந்தது. சாம்பிளிங் அறைக் கதவருகே நின்றவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருந்தார். சார் எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தார்.

"வேறு ஊரில் தைத்துக் கொடுத்தார்கள்" என்றார் மார்க்கோ. "எங்கள் ஆட்கள் போட்டார்கள். அவர்களும் அதே மாதிரி செய்தார்கள். யார் முதலில் என்று இன்று யாருக்கும் தெரியாது. இப்போது அந்தச் சின்னத்தைப் பார்த்தால் இரண்டு பக்கமும் சுடுகிறார்கள். எங்கள் மருத்துவச் சேவைக்காரர்கள் எல்லோரும் அதைப் பிய்த்து எறிந்துவிட்டார்கள். அவர்களுக்கு மேலங்கி வேண்டும். மண் நிறத்தில். எந்தச் சின்னமும் இல்லாமல்."

நான் சாரின் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு சொல் வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் டீ கொண்டுவரச் சொன்னார். மார்க்கோ குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "அவர்கள் எந்தக் கையால் கத்திரிக்கோல் எடுப்பார்கள்? மண்டி போட்டா, படுத்துக்கொண்டா வேலை செய்வார்கள்? எல்லாம் சொல்லுங்கள்" என்றார்.

மார்க்கோ ஊருக்குப் போவதற்குள் சாம்பிள் தயாராக வேண்டும் என்று உட்கார்ந்தோம். பாக்கெட் வைக்காமல் அவசரமாகத் தைத்த ஒரு மேலங்கியைச் சார் போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டார், குப்புறப் படுத்தார், தவழ்ந்தார். கத்திரிக்கோலுக்கு வலது இடுப்பில், கட்டுத்துணிக்கு இரண்டு பக்கமும், எந்தக் கை எங்கே விழுகிறதோ அங்கேயெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டேன். மார்பில் இடம் காலியாகக் கிடந்தது.

"டார்ச் வெக்க நெஞ்சுல ஒரு பாக்கெட் வெச்சுரலாமுங்களா சார்? கைக்கு நேரா வரும்" என்றேன்.

"அங்க வேண்டாமுங்கம்மா. தையல்கூட குறுக்க ஓடப்படாது."

மார்க்கோ என்னவென்று கேட்டார். சார் தரையிலிருந்து எழுந்து, மேலங்கியின் மார்பை உள்ளங்கையால் நீவிவிட்டார். "சண்டை என்றைக்காவது ஓயும். அப்போது யாராவது இதில் அந்தச் சின்னத்தை மறுபடி தைக்க வேண்டி வரும். இடம் விட்டு வைக்கிறோம்" என்றார்.

மார்க்கோ கையிலிருந்த காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேட்டர்ன் அட்டையை எடுத்து, முன்பக்கத்தைச் சார் சொன்னபடி வெட்டினேன். யாரும் சொல்லாமலே, முதுகிலும் அதே அளவு இடம் விட்டு வெட்டினேன்.